அகவை அறியும் கணக்கு: பிறந்த நாள் முதல் ஆயிரம் பிறை வரை

மதுரையம்பதியில் சோமசுந்தரப் பெருமான் நிகழ்த்திய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் ஒன்று விருத்த குமார பாலரான திருவிளையாடல். கௌரி என்னும் சிவபத்தை, சிவனடியாரை மதியாத புகுந்த வீட்டில் தனித்திருந்தபோது பெருமான் பசித்த முதியவராக வந்து அமுது கேட்டார். உண்டபின் இளைஞராகக் காட்சி தந்தார். வெளியே சென்றிருந்த மாமியார் திரும்பியபோது தொட்டிலில் கிடக்கும் குழந்தையானார். முதுமை, இளமை, குழவிப் பருவம் ஆகிய மூன்றும் காலத்தைக் கடந்த பரம்பொருளுக்கு விளையாட்டே என்பதைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இவ்வரலாற்றின் வழியே உணர்த்துகின்றது.

மானிடராகிய நமக்கோ காலம் ஒரு திசையிலேயே செல்லும். ஆதலின் ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எந்நாளில் மணிவிழாக் காண வேண்டும், ஆயிரம் பிறை கண்ட பெருமை எப்போது வாய்க்கும் என்பனவற்றைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். இக்கணக்கு எளிதாகத் தோன்றினும், மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மணிவிழா நாளை ஓராண்டு முன்னோ பின்னோ குறித்துவிட்டுப் பின்னர் வருந்தும் குடும்பங்கள் உண்டு. பெற்றோர் வாழ்வில் ஒரே முறை வரும் அந்நாள் தவறிவிட்டால் மீண்டும் வாராது. ஆகவே அகவை அறியும் முறைகளை அன்பர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

நடப்பு வயதும் நிறை வயதும்

பிழைகளுக்கெல்லாம் தலையாய காரணம், நடப்பு வயதையும் நிறை வயதையும் ஒன்றெனக் கொள்வதே. குழந்தை பிறந்த அன்றே அதற்கு முதலாம் வயது நடக்கத் தொடங்குகின்றது. அடுத்த ஆண்டு அதே நாளில் ஒரு வயது நிறைகின்றது. இரண்டாம் வயது தொடங்குகின்றது. "பாட்டிக்கு அறுபது" என்று ஒருவர் கூறினால், அறுபது நடக்கின்றதா, அறுபது நிறைந்ததா எனக் கேட்டறிய வேண்டும். இரண்டிற்கும் இடையே ஓராண்டு வேறுபாடு உண்டு.

சாந்திச் சடங்குகளின் பெயர்களும் இவ்வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளன. 59 நிறைந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறைந்து 61 தொடங்கும்போது செய்வது சஷ்டியப்த பூர்த்தி. சஷ்டி என்பது அறுபது. அப்தம் என்பது ஆண்டு. பூர்த்தி என்பது நிறைவு. பெயரிலேயே நிறைவு என்னும் சொல் இருத்தலால், அறுபது தொடங்கும்போது இதனைச் செய்தல் பொருந்தாது என்பது விளங்கும். 69 நிறைந்து 70 தொடங்கும்போது பீமரத சாந்தி செய்வது பரவலான வழக்கு.

பிள்ளைத்தமிழ் இலக்கியமும் இத்தகைய நுண்கணக்கை உடையது. குமரகுருபர சுவாமிகள் மதுரை மீனாட்சியம்மை மீது பாடிய பிள்ளைத்தமிழில் அம்மையின் குழவிப் பருவங்கள் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளன. காப்புப் பருவம் மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம் எனப் பருவங்களை மாதக் கணக்கில் வகுப்பது மரபு. ஆண்டு நிறையாத குழந்தைக்கு மாதமே அகவையின் அளவு என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆங்கிலத் தேதி வழிக் கணக்கு

ஆண்டு, மாதம், நாள் எனத் தனித்தனியே கழிப்பதே இம்முறை. மதுரையில் தோன்றி இசையால் உலகெங்கும் பக்தி பரப்பிய எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்து 2004 டிசம்பர் 11 அன்று இறைவனடி சேர்ந்தார். அவர் வாழ்ந்த காலத்தை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதலில் நாள்: 11 இலிருந்து 16 ஐக் கழிக்க இயலாது. எனவே முந்தைய மாதமாகிய நவம்பரின் 30 நாட்களைக் கடன் வாங்கிக் கூட்டினால் 41. அதில் 16 போக 25 நாள். அடுத்து மாதம்: டிசம்பர் 12 ஆம் மாதம், ஒன்று கடன் போக 11, அதில் செப்டம்பராகிய 9 போக 2 மாதம். இறுதியாக ஆண்டு: 2004 இல் 1916 போக 88. ஆக அம்மையார் வாழ்ந்த காலம் 88 ஆண்டு, 2 மாதம், 25 நாள்.

இதையே நாட்கணக்கில் அறிய வேண்டின், 88 ஐ 365 ஆல் பெருக்க 32,120 கிடைக்கும். 1920 முதல் 2004 முடிய வந்த மிகுநாள் ஆண்டுகள் 22. அவற்றைக் கூட்ட 32,142. 2004 செப்டம்பர் 16 முதல் டிசம்பர் 11 வரை 86 நாட்கள். மொத்தம் 32,228 நாட்கள்.

மிகுநாள் ஆண்டைக் கொள்வதில் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். நான்கால் வகுபடும் ஆண்டு மிகுநாள் ஆண்டு. ஆயின் நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400 ஆல் வகுபடுவது மட்டுமே மிகுநாள் ஆண்டு. 2000 மிகுநாள் ஆண்டு, 1900 அன்று. முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். 1900 இல் அத்தேதி இல்லாமையால், அவர் தம் பிறந்த தேதியை மீண்டும் நாட்காட்டியில் கண்டது 1904 இல்தான்.

அறுபது ஆண்டுச் சக்கரம்

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது. வியாழன் வான்வட்டத்தை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 11.86 ஆண்டுகளும், சனி சுற்றிவர ஏறத்தாழ 29.46 ஆண்டுகளும் ஆகின்றன. வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்கும் காலம் அறுபது ஆண்டுகளை அணுகி நிற்கின்றது. ஆகவே ஒருவர் பிறந்தபோது இவ்விரு கோள்களும் நின்ற இடத்தின் அருகே அவை மீண்டும் வந்து சேரும் காலமும், அவர் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. மணிவிழாவை மறுபிறப்புப் போலக் கருதி மீண்டும் திருமாங்கல்ய தாரணம் செய்விக்கும் வழக்கத்தின் உட்கருத்து இதுவே.

பிறந்த ஆண்டின் தமிழ்ப் பெயரை அறிய எளிய வழி உண்டு. ஆங்கில ஆண்டிலிருந்து 6 ஐக் கழித்து, வருவதை 60 ஆல் வகுக்க வேண்டும். மீதி எத்தனையோ அத்தனையாவது ஆண்டு. மீதி இல்லையேல் அறுபதாவதாகிய அட்சய. எடுத்துக்காட்டாக 1966 இல் 6 போக 1960. அதனை 60 ஆல் வகுக்க மீதி 40. நாற்பதாவது ஆண்டு பராபவ. 2026 க்கும் இதே விடை வருதலைக் காணலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாளில் தொடங்குகின்றது. ஆகவே சனவரி முதல் சித்திரைப் பிறப்புக்கு முன்வரை பிறந்தவர்களுக்கு 7 ஐக் கழித்தல் வேண்டும். 1966 பிப்ரவரியில் பிறந்தவர் பராபவ ஆண்டினர் அல்லர். அதற்கு முந்தைய விசுவாவசு ஆண்டினர். இவ்வொரு நுட்பத்தை மறந்தமையால் ஆண்டே மாறிப்போவது உண்டு.

மாதமும் நட்சத்திரமும்

தமிழகத்தில் பிறந்த நாளை நட்சத்திரத்தாலும், நீத்தார் நினைவு நாளைத் திதியாலும் கொள்வது வழக்கம். எனவே மணிவிழாவிற்கு உரிய நாள், பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் மீண்டும் வரும் ஆண்டில், பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் கூடிய நாளேயாகும். பராபவ ஆண்டு ஆவணி மாதத்து உத்திர நட்சத்திரத்தில் 1966 இல் பிறந்தவருக்கு, 2026 இல் வரும் பராபவ ஆண்டின் ஆவணி உத்திரமே அந்நாள்.

அந்நாள் ஆங்கிலப் பிறந்த தேதியோடு பொருந்தவில்லையே எனப் பலர் ஐயுறுவர். பொருந்தாமைக்குக் காரணம் உண்டு. அறுபது ஆங்கில ஆண்டுகளில் 21,915 நாட்கள் உள்ளன. சந்திரன் நட்சத்திர மண்டலத்தை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 27.32 நாட்கள் ஆகும். 802 சுற்றுகளுக்கு 21,912 நாட்கள். ஆகவே பிறந்த நட்சத்திரம் ஆங்கிலத் தேதிக்கு ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடும். சந்திரனின் வேகம் ஒரே சீராக இராமையால் இதில் சிறிது முன்பின்னாகலாம். மாதத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களில் பிறந்தவர்களுக்கு அந்நட்சத்திரம் முந்தைய மாதத்திற்குள் சென்றுவிடுமாதலால், அதே மாதத்தின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும் நாளைக் கொள்ள நேரும். அப்போது ஆங்கிலத் தேதிக்கும் சடங்கு நாளுக்கும் மூன்று வாரத்திற்கு மேலும் இடைவெளி உண்டாகலாம். ஒரே மாதத்தில் அந்நட்சத்திரம் இருமுறை வரின் பிந்தியதைக் கொள்வோரே மிகுதி. குடும்ப வழக்கம் வேறாயின் அதனைப் பின்பற்றுவர்.

நாளின் தொடக்கத்திலும் வேறுபாடு உண்டு. ஆங்கில நாள் நள்ளிரவில் தொடங்கும்; பஞ்சாங்க நாள் கதிரவன் உதயத்தில் தொடங்கும். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆங்கிலத் தேதி மாறியிருப்பினும் தமிழ்த் தேதியும் கிழமையும் முந்தைய நாளுக்கு உரியனவே. பிறந்த நேரத்தைக் குறித்து வைக்குமாறு பெரியோர் வற்புறுத்தியது இதன் பொருட்டே.

ஆயிரம் பிறை

சதாபிஷேகத்திற்கு 80 ஆண்டு 8 மாதம் எனக் கணக்கு வந்தது எவ்வாறு என்பது அறிந்து மகிழத்தக்கது. வேதாங்க சோதிடத்தின்படி ஐந்து ஆண்டுகள் கொண்டது ஒரு யுகம். அதில் 62 சந்திர மாதங்கள். 80 ஆண்டுகளில் 16 யுகங்கள். 16 ஐ 62 ஆல் பெருக்க 992. மேலும் எட்டுத் திங்கள் சேர்ந்தால் சரியாக ஆயிரம். இதுவே அம்மரபுக் கணக்கின் அடிப்படை.

இக்காலத்து வானியல் அளவின்படி ஒரு நிறைமதிக்கும் அடுத்த நிறைமதிக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 29.53 நாட்கள். ஆயிரம் நிறைமதிக்கு 29,531 நாட்கள். அதாவது 80 ஆண்டும் ஏறத்தாழ 10 மாதமும் ஆகும். இரு கணக்கிற்கும் உள்ள வேறுபாடு இரண்டு திங்களே. தொலைநோக்கி இல்லாத காலத்தில் முன்னோர் இத்துணை நெருங்கி வந்தமை வியப்பிற்குரியது. முன்னர்க் கண்ட எம்.எஸ். அம்மையாருக்கு மரபுக் கணக்கின்படி 1997 மே மாதத்திலும், வானியல் கணக்கின்படி அவ்வாண்டு சூலையிலும் ஆயிரம் நிறைமதி நிறைவெய்தியது. மரபு வழி நிற்போர் 80 ஆண்டு 8 மாதத்தைக் கொள்வதில் குறையொன்றும் இல்லை.

மூச்சின் கணக்கு

ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு. ஆக ஒரு நாளில் 21,600 மூச்சு என்பது யோக மரபின் கணக்கு. தில்லைச் சிற்றம்பலக் கூரையின் பொன்னோடுகள் 21,600 என்றும் அவை இம்மூச்சுகளைக் குறிப்பன என்றும் கூறுவர். நிமிடத்திற்கு 15 மூச்சு என வரும் இக்கணக்கு, ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்தில் 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர் என்னும் மருத்துவ அளவோடு ஒத்துள்ளது. அறுபது ஆண்டு நிறைந்தவர் இக்கணக்கின்படி 47 கோடியே 33 இலட்சத்து 64 ஆயிரம் முறை மூச்சு விட்டிருப்பார். அவற்றுள் இறைவன் திருநாமத்தோடு கலந்த மூச்சுகள் எத்தனை என்பதை அவரவர் உள்ளமே அறியும்.

வாழ்நாள் பற்றிய புள்ளிக் கணக்கு ஒன்றையும் இங்கு எண்ணுதல் தகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இப்போது அது 70 ஐ ஒட்டியுள்ளது. முற்காலத்தில் எல்லோரும் 32 இல் மறைந்தனர் என்பது இதன் பொருளன்று. பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்தமையால் சராசரி தாழ்ந்திருந்தது. அத்தகைய காலத்தில் அறுபதைக் கண்டவரைக் குடும்பமும் ஊரும் கூடிக் கொண்டாடியதில் வியப்பில்லை.

பிறந்த தேதி அறியாத முதியோர்

சிற்றூர்களில் வாழும் முதியோர் பலரிடம் சாதகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. "தேதி தெரியாதவருக்கு மணிவிழா ஏது" என்று பிள்ளைகள் வாளாவிருந்துவிடுவது வருந்தத்தக்கது. ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு அகவையை ஓரளவு வரையறுக்கலாம். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939 சூலை 8. வைகை அணை திறக்கப்பட்டது 1959 சனவரி. மதுரைத் திருக்கோயிலில் திருக்குடமுழுக்கு நடந்த ஆண்டுகளுள் 1963 ஒன்று. ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது 1981 சனவரி.

"வைகை அணை திறந்த பிறகு வந்த முதல் சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் பிறந்தவள்" என ஓர் அன்னை கூறுவாராயின், கணக்கு எளிதாகிவிடும். ஆண்டு 1959; அதில் 6 போக 1953; 60 ஆல் வகுக்க மீதி 33; அது விகாரி ஆண்டு. அழகர் வைகையில் எழுந்தருள்வது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டியே ஆதலின் மாதம் சித்திரை. பழைய பஞ்சாங்கத்தில் அவ்வாண்டுச் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களைப் பார்த்தால் நட்சத்திரமும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். அதுவும் இயலாதெனில் அம்மாதத்து நன்னாள் ஒன்றில் அருகிலுள்ள திருக்கோயிலில் அர்ச்சனை செய்து பெற்றோரை வணங்குதல் போதும்.

எமனை உதைத்து, பதினாறு வயதே விதிக்கப்பட்ட மார்க்கண்டேயரைக் காத்த காலசம்கார மூர்த்தி எழுந்தருளிய திருக்கடையூர், இத்தகைய சாந்திகளுக்குப் பெயர்பெற்ற அட்டவீரட்டத் தலம். அங்குச் சென்று வழிபட வாய்ப்பும் வசதியும் உடையோர் செல்லலாம். கடன் பெற்றுச் செல்ல வேண்டுவதில்லை. உள்ளூர்ச் சிவாலயத்தில் வீற்றிருப்பவனும் அவனே.

சடங்கு நாளும் சான்றிதழ் நாளும்

பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்பியதாகக் காட்டும் பொருட்டு, உண்மைத் தேதிக்கு மாறாக ஒரு தேதியை எழுதிவிடும் வழக்கம் முன்னாளில் மிகுதியாக இருந்தது. ஆகவே சாதகத்தில் ஒரு நாளும் பள்ளிச் சான்றிதழில் ஒரு நாளுமாக வாழ்பவர் பலர். இவர்கள் குழம்ப வேண்டா. இறைவழிபாட்டிற்கும் சாந்திக்கும் உண்மையில் பிறந்த நாளே உரியது. அலுவலகங்களுக்கு ஆவணத்தில் உள்ள நாளே செல்லும்.

முதியோர் ஓய்வூதியத்திற்கு மட்டுமன்றி ஆன்மிகப் பயணங்களுக்கும் இன்று வயதுச் சான்று வேண்டும். திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை ஆகிய மதுரைத் தலங்கள் இரண்டும் அடங்கிய அறுபடை வீடுகளுக்கு இந்து சமய அறநிலையத் துறை 2024 இல் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்திற்கு 60 முதல் 70 வயது வரையிலானோரே தகுதியுடையோர் என வரையறுக்கப்பட்டது. தகுதி இருந்தும் சான்று இல்லாமையால் ஒருவர் வாய்ப்பை இழத்தல் ஆகாது. ஆதார் அட்டை அடையாளத்தை உறுதிசெய்வதேயன்றிப் பிறந்த தேதிக்கு உறுதியான சான்று ஆகாது என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பேணி வைத்தல் வேண்டும்.

இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இத்தொல்லை வாராதிருக்க வழி எளிது. 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்ட விதிகளின்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிந்திடல் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. அச்சான்றிதழோடு ஒரு தாளில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், பிறந்த நேரம், ஊர் ஆகிய ஏழினையும் எழுதி வைத்தால், அறுபது ஆண்டு கழித்து அக்குழந்தையின் மக்கள் எவரையும் கேளாமலே மணிவிழா நாளைக் குறித்துவிடலாம்.

வீட்டில் முதியோர் உள்ள அன்பர்கள் இன்றே அவர்தம் அருகமர்ந்து இவ்விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக. பிறந்த ஊரையும் பருவத்தையும் அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் உறுதியான ஆவணம். அங்கயற்கண்ணி உடனுறை ஆலவாய் அண்ணல், முதியோர் அனைவருக்கும் ஆயிரம் பிறை காணும் பேற்றினை அருள்வாராக.